செம்பைக் குறைவாக அரியுங்கள்: வீட்டிலேயே முதல் மின்சுற்றுப் பலகை செய்ய முழுமையான வழிகாட்டி

பல்லடம் பக்கத்தில் இருக்கும் எங்கள் அம்மாயியின் சாளையில், மேல்தொட்டி நிறைந்து வழியும் சத்தம் கேட்ட பிறகுதான் மோட்டாரை நிறுத்துவார்கள். ஆயிரம் அடி ஆழத்திலிருந்து ஏறிவரும் தண்ணீர் கூரை விளிம்பில் வீணாகக் கொட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் என் முதல் மின்சுற்றுப் பலகையைச் செய்தேன். பொத்தானை அழுத்தினால் தொட்டியில் கால் பங்கா, பாதியா, முழுவதுமா என்று மூன்று விளக்குகள் சொல்லும். அவ்வளவுதான். அதே பலகையைத்தான் இந்த வழிகாட்டியிலும் செய்யப் போகிறோம்.

கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார்கள். இன்று கொங்கு நாட்டில் மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். ஆனால் அதே மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் சிறிய பச்சைப் பலகை பழுதானால், அது ஏதோ தொழிற்சாலை ரகசியம் என்று தூக்கி எறிந்துவிடுகிறோம். ரகசியம் எதுவும் இல்லை. காப்புப் பலகை ஒன்றின் மேல் ஒட்டிய மெல்லிய செம்புத் தாள். வேண்டாத இடத்துச் செம்பை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பதுதான் கம்பி.

வீட்டில் செய்பவர்களிடம் நான் காணும் பெரிய தவறு, அந்த நீக்கும் வேலையை அளவுக்கு மிஞ்சிச் செய்வது. மெல்லிய கோடுகளை வரைந்து, சுற்றிலும் உள்ள செம்பு முழுவதையும் கரைத்துவிடுகிறார்கள். நான் சொல்வது நேர்மாறானது: செம்பைக் குறைவாக அரியுங்கள். பலகையை ஒரு பூமியாக, அதாவது விவசாய நிலமாக, நினையுங்கள். ஒவ்வோர் இணைப்பும் ஒரு காடு; இரண்டு காடுகளுக்கு நடுவே வேலி ஓடும் அளவுக்கு இடைவெளி விட்டால் போதும். வரைய வேண்டியது வேலியைத்தான். கோடு அறுந்துபோகும் பயம் குறையும், அரிக்கும் திரவம் நீடித்து வரும், கழிவில் சேரும் செம்பும் குறையும்.

முதலில் சுற்றைச் சோதியுங்கள்

பலகை செய்யும் ஆசையில் இதைத் தாண்டிவிடாதீர்கள். செம்பில் பதிந்த பிழையைத் திருத்துவது கடினம். பாகங்களை வெறுமனே செருகிச் சோதிக்கும் துளைப் பலகையான பிரெட்போர்டில் இருக்கும் பிழையைத் திருத்த ஒரு கம்பியைப் பிடுங்கிச் செருகினால் போதும்.

தேவையானவை: பிசி547 டிரான்சிஸ்டர் 3, எல்இடி 3, ரெசிஸ்டர்களில் 10 கிலோ ஓம் 3, 470 கிலோ ஓம் 3, 1 கிலோ ஓம் 3, நான்கு முனை திருகு இணைப்பி 1, இரண்டு முனை திருகு இணைப்பி 1, அழுத்தினால் மட்டும் இணையும் பொத்தான் 1, 9 வோல்ட் பேட்டரி 1. கோவையில் காந்திபுரம் சுற்றுவட்டாரத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எல்லாமே கிடைக்கும்.

பேட்டரியின் நேர்முனை பொத்தான் வழியாகப் பலகைக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு கம்பி தொட்டியின் அடிவரை இறங்குகிறது. கால், பாதி, முழு உயரங்களில் தொங்கும் மூன்று கம்பிகளும் தலைக்கு ஒரு 10 கிலோ ஓம் வழியாக அந்தந்த டிரான்சிஸ்டரின் பேஸ் என்னும் காலுக்குப் போகின்றன. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 470 கிலோ ஓம். நீண்ட கம்பியில் கசியும் சிறு மின்னோட்டத்தால் விளக்கு பொய்யாக மினுங்காமல் இருக்க இது உதவும். எமிட்டர்கள் மூன்றும் எதிர்முனைக்கு. எல்இடியும் 1 கிலோ ஓமும் தொடராக, நேர்முனைக்கும் கலெக்டருக்கும் நடுவே. தண்ணீர் ஒரு கம்பியைத் தொட்டதும் அதன் வழியே சிறு மின்னோட்டம் பேஸுக்குப் போய் அந்த விளக்கை ஏற்றும். டிரான்சிஸ்டரின் தட்டையான பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். வேறு எண் உள்ள டிரான்சிஸ்டரில் இந்த வரிசை மாறலாம்.

ஒரு டம்ளர் தண்ணீரில் சோதிக்கும்போது அந்தத் தொட்டித் தண்ணீரையே எடுத்துச் சோதியுங்கள். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம், மின்சாரம் நன்றாகப் பாயும். சிறுவாணித் தண்ணீரில் உப்பு குறைவு. அங்கே விளக்கு மங்கினால் 1 கிலோ ஓமைத் தொடாதீர்கள், ஒவ்வொரு பிசி547க்கும் பின்னால் இன்னொன்றைச் சேர்த்து டார்லிங்டன் இணையாக்குங்கள் (முதலாவதன் எமிட்டர் இரண்டாவதன் பேஸுக்கு, கலெக்டர்கள் இரண்டும் ஒன்றாக).

ஒரு கண்டிப்பு. முதல் பலகைகளில் 230 வோல்ட்டையோ மோட்டாரின் மும்முனை மின்சாரத்தையோ தொடவே வேண்டாம். இந்தச் சுற்றின் கம்பி வீட்டார் குளிக்கும் தண்ணீருக்குள் இறங்குகிறது. அதனால்தான் அடாப்டர் கூட இல்லாமல் பேட்டரி வைக்கிறேன். அழுத்தினால் மட்டும் இணையும் பொத்தான் வைத்ததற்கும் காரணம் உண்டு: நேர்மின்சாரம் தண்ணீருக்குள் எந்நேரமும் ஓடினால் நேர்முனைக் கம்பி அரித்துப்போகும்.

வரைதல்

கீகேட் (KiCad) என்னும் மென்பொருளைக் கணினியில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். சுற்றை வரைந்து, பாகங்களைப் பொருத்தி, 75க்கு 50 மி.மீ. பலகைக்குள் அடக்குங்கள். பாகங்கள் மேல்பக்கம், செம்பு அடிப்பக்கம் மட்டும். தடத்தின் அகலம் 1.5 மி.மீ., தடங்களுக்கு நடுவே இடைவெளி 0.8 மி.மீ., துளையைச் சுற்றிய வட்டம் 2.2 மி.மீ. தொழிற்சாலைப் பலகையில் இவற்றைவிட நான்கு மடங்கு மெல்லிய தடங்களைப் பார்ப்பீர்கள். அவற்றோடு போட்டி வேண்டாம். இரண்டு தடங்கள் குறுக்கிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், மேல்பக்கத்தில் ஒரு சிறு கம்பித் துண்டால் தாண்டிவிடுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

தடங்கள் முடிந்ததும் மிச்சம் உள்ள இடம் முழுவதையும் எதிர்முனைச் செம்பால் நிரப்பும் கட்டளையைக் கொடுங்கள். இதுதான் முன்னே சொன்ன வேலி முறை. நிரப்பிய செம்போடு சேரும் வட்டங்களை நான்கு சிறு பாலங்களால் இணைக்கும் அமைப்பை விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் பாகங்களை ஈயத்தால் பற்றவைக்கும்போது சூடு முழுவதையும் அந்தப் பெரிய செம்புப் பரப்பு இழுத்துக்கொள்ளும்.

பலகையின் ஓரத்தில், செம்புப் பக்கத்தில், உங்கள் ஊர்ப் பெயரையாவது இரண்டு எழுத்தில் எழுதிவிடுங்கள். இது அலங்காரத்துக்காக அல்ல. அச்சிட்ட தாளில் அந்த எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழ்ப் பக்கமாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் செம்பில் நேராக விழும். அடிப்பக்கச் செம்பை மென்பொருள் மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டுவதால், பெரும்பாலும் திருப்பாமல் அப்படியே அச்சிட்டாலே சரியாக இருக்கும். குழப்பம் வந்தால் எழுத்தைப் பாருங்கள்.

அச்சு

லேசர் பிரிண்டர் வேண்டும், மைப் பிரிண்டர் உதவாது. லேசரின் டோனர் ஒரு பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும், அரிக்கும் திரவம் அதைத் தொடாது. இந்த முறை முழுவதும் அந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது.

தாள், பழைய வாரஇதழின் வழவழப்பான உள்பக்கம். படம் குறைவாகவும் எழுத்து அதிகமாகவும் உள்ள பக்கமாகப் பார்த்து ஏ4 அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அச்சிட்ட பழைய மை இடைஞ்சல் செய்யாது. மைப் பிரிண்டருக்கான புகைப்படத் தாளை லேசரில் விடாதீர்கள். சிலவற்றின் மேல்பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும். ஜெராக்ஸ் கடையில் அச்சிடுவதானால் எதற்கு என்று முன்பே சொல்லிக் கேளுங்கள். மறுப்பவர்களும் உண்டு, ஆர்வமாக வந்து பார்ப்பவர்களும் உண்டு. அளவு 100 விழுக்காடு, டோனர் அடர்த்தி உச்சத்தில். முதலில் சாதாரணத் தாளில் ஒரு படி எடுத்து, திருகு இணைப்பியின் கால்களை அதன் மேல் குத்திப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அளவு மாறியிருக்கிறது.

பிரிண்டரே கிடைக்காத ஊரிலும் வழி உண்டு. சாதாரணத் தாளில் வரைந்த படத்தை ஒட்டி, துளை இடங்களை ஆணியால் லேசாகக் குறித்து, அழியாத மார்க்கர் பேனாவால் செம்பின் மேல் நேரே வரையலாம். ஒரு பூச்சு காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு அவசியம். வேலி முறைக்கு இது மிகவும் பொருந்தும்.

பலகையைத் துப்புரவாக்குதல்

கடையில் செம்பு ஒட்டிய பலகை இரண்டு வகையாகக் கிடைக்கும். பழுப்பு நிறத்தில் இருப்பது காகிதமும் பீனாலிக் பிசினும் சேர்ந்தது; வெட்டவும் துளையிடவும் எளிது. வெளிர்மஞ்சளும் பச்சையும் கலந்தாற்போல் ஒளி ஊடுருவுவது கண்ணாடி இழை. உறுதியானது, ஆனால் அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. முதல் முறை பழுப்பையே வாங்குங்கள். எதை அறுத்தாலும் முகக்கவசம் அணியுங்கள்.

வெட்டிய பலகையின் விளிம்பை அரத்தால் தேயுங்கள். பிசிறு இருந்தால் இஸ்திரிப் பெட்டி சமமாக உட்காராது. பிறகு பாத்திரம் துலக்கும் நாரும் சோப்பும் போட்டுச் செம்பு ஒரே நிறத்தில் மின்னும்வரை தேயுங்கள். குழாயடியில் பிடித்துப் பாருங்கள்: தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவினால் எண்ணெய்ப் பசை போய்விட்டது. அதன் பிறகு செம்பின் மேல் விரல் படக்கூடாது, ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். டோனர் ஒட்டவில்லை என்று என்னிடம் வந்த பலகைகளில் பாதிக்கு மேல் கட்டைவிரல் ரேகையில்தான் உரிந்திருந்தன.

இஸ்திரி போடுதல்

பொறுமை வேண்டிய இடம் இதுதான். நீராவி இல்லாத, அடிப்பக்கம் தட்டையான இஸ்திரிப் பெட்டியைப் பருத்தித் துணிக்கான சூட்டில் வையுங்கள். மரப்பலகை மேல் மடித்த துண்டு, அதன் மேல் செம்பு மேல்நோக்கி இருக்கும்படி பலகை. முதலில் வெறும் பலகையையே அரை நிமிடம் சூடாக்குங்கள். பிறகு அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி தாளை வையுங்கள். சூடான செம்பைத் தொட்ட உடனே டோனர் பிடித்துக்கொள்ளும். நகர்த்த முயல வேண்டாம். மேலே இன்னொரு வெள்ளைத் தாளைப் போட்டு, பெட்டியைத் தேய்க்காமல் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். ஒரு நிமிடம் கழித்துப் பெட்டியின் முனையால் நான்கு ஓரங்களையும் மூலைகளையும் மெதுவாக நீவுங்கள். எல்லாம் சேர்ந்து மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். அழுத்தம் போதாவிட்டால் மூலைகள் ஒட்டாது. மிஞ்சினால் டோனர் நசுங்கி இரண்டு தடங்கள் கூடிவிடும். உங்கள் பெட்டிக்கு எது சரி என்பதை இரண்டு மூன்று துண்டுப் பலகைகளில் பழகித்தான் அறிய முடியும். அதற்காக வெட்டிய மிச்சங்களை எறியாமல் வையுங்கள்.

சூட்டோடு தாளை இழுத்துவிடாதீர்கள். கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, ஒரு போசித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போடுங்கள். ஊறிய தாளைக் கட்டைவிரலால் சுருட்டிச் சுருட்டி எடுங்கள். டோனர் மேல் வெண்மையாக மெல்லிய நார் தங்கினால் பரவாயில்லை. ஆனால் வேலியில், அதாவது செம்பு தெரிய வேண்டிய இடத்தில், ஒரு நாரும் இருக்கக்கூடாது. பழைய பல் துலக்கியால் நீக்குங்கள். பலகையை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பெரிய கருப்புப் பரப்புகளில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். வேலி முறையின் ஒரே தொல்லை இதுதான். அழியாத மார்க்கரால் அடைத்துவிடுங்கள். தடங்கள் கூடியிருந்தால் பிளேடு முனையால் சுரண்டிப் பிரியுங்கள். பாதிக்கு மேல் கெட்டிருந்தால் தின்னர் தொட்டுத் துடைத்து மறுபடி தொடங்குவது நல்லது.

அரித்தல்

இதற்கு ஃபெரிக் குளோரைடு. சமையலறையில் செய்யாதீர்கள், திண்ணையிலோ மொட்டை மாடியிலோ, காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். எவர்சில்வர் வட்டலோ அலுமினியப் போசியோ கூடவே கூடாது, அவற்றையும் அது அரித்துவிடும். தட்டையான பிளாஸ்டிக் டப்பா போதும். அதை மறுபடி உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம். வேட்டியில் தெறித்த கறை போகாது.

200 மி.லி. தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு, அதில் 80 முதல் 100 கிராம் வரை சிறிது சிறிதாகப் போட்டுக் கரையுங்கள். கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கரையும்போது சூடேறிப் புகையும் வரும். டப்பாவை வெந்நீர் நிரம்பிய பெரிய தொட்டிக்குள் வைத்தால் திரவம் 40, 45 டிகிரியில் நின்று வேலை விரைவாகும். நேரே அடுப்பில் ஏற்றாதீர்கள்.

பலகையைச் செம்பு மேல்நோக்கி மூழ்கவிட்டு, முறத்தில் புடைப்பதுபோல் டப்பாவை இடைவிடாமல் மெதுவாக ஆட்டுங்கள். முதல் நிமிடத்தில் செம்பு பளபளப்பு இழந்து மங்கிய இளஞ்சிவப்பாக வேண்டும். எங்காவது மின்னிக்கொண்டே இருந்தால் அங்கே தாள் நாரோ பசையோ இருக்கிறது. எடுத்துக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். பதினைந்து முதல் இருபத்தைந்து நிமிடத்தில் வேலிகளில் பலகையின் நிறம் தெரிந்துவிடும். தெரிந்த உடனே எடுங்கள். கூடுதலாக விட்டால் டோனருக்கு அடியில் பக்கவாட்டில் அரிக்கத் தொடங்கும். பலகையைக் கழுவும் முதல் தண்ணீரையும் ஒரு டப்பாவில் பிடித்து வையுங்கள்.

அந்தத் திரவத்தை என்ன செய்வது

இதைப் பற்றி நான் நீளமாக எழுதுவதற்குக் காரணம் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகும் அந்த ஆற்றில் சாயக் கழிவு கலந்து, சென்னிமலைக்குப் பக்கத்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்காகக் கட்டிய அணையே கீழே இருந்த காடுகளைக் கெடுத்ததை நம் தலைமுறை கண்ணால் பார்த்தது. 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அந்த மண்ணில் இருந்துகொண்டு செம்புக் கழிவைச் சாக்கடையில் ஊற்ற எனக்கு மனம் வராது.

கணக்கையும் பாருங்கள். செம்புத் தாளின் தடிமன் 35 மைக்ரான். 75க்கு 50 மி.மீ. பலகையில் மொத்தம் ஏறக்குறைய 1.2 கிராம் செம்பு இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் ஏற்கத்தக்க செம்பு, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த 1.2 கிராமும் தண்ணீரில் சேர்ந்தால் 23,000 லிட்டருக்கு மேல் அந்த எல்லையைத் தொட்டுவிடும். வேலி முறையில் முக்கால் பங்குச் செம்பு பலகையிலேயே நின்றுவிடுகிறது என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள்.

ஒரு முறை பயன்படுத்திய திரவம் கெட்டுப்போகவில்லை. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். 200 மி.லி. ஐந்தாறு பலகைகளுக்கு வரும். பச்சை கலந்து கருத்து, ஒரு மணி நேரம் ஆட்டியும் அரிக்கவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது.

முடிந்ததை ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஐந்து மடங்கு தண்ணீரில் கலந்து, சலவைச் சோடாவைக் கரண்டி கரண்டியாகப் போடுங்கள். நுரைத்துப் பொங்கும், அதனால் அவசரம் கூடாது. நுரை நின்று, பிஎச் தாளில் 8க்கு அருகே காட்டும்போது நிறுத்துங்கள். இரவு முழுவதும் விட்டால் செம்பும் இரும்பும் சேறாக அடியில் படியும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வடிந்த தெளிநீரைச் செடிக்கோ கட்டுத்தறிக்கோ ஊற்றாமல், அகலமான பிளாஸ்டிக் தட்டில் மாடியில் வைத்து, பறவையும் ஆடுமாடும் வாய் வைக்காதபடி வலையால் மூடி, வெயிலில் வற்றவிடுங்கள். சொட்டுத் தண்ணீரும் வெளியே விடக்கூடாது என்று சாய ஆலைகளுக்கு விதித்த விதியை நம் வீட்டு அளவில் நாமும் கடைப்பிடிக்கலாம். காய்ந்த சேறும் உப்பும் ஒரு பாட்டிலுக்குள் அடங்கிவிடும். ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் சிறிதளவுதான். சுத்திகரிப்பு வசதி உள்ள முலாம் பூசும் பட்டறையில் பெற்றுக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள்.

துளை, பற்றவைப்பு, பூச்சு

தின்னரால் டோனரைத் துடைத்தால் செம்பு வெளியே வரும். உடனே மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, அடுத்தடுத்த காடுகளுக்கு நடுவே தொட்டுப் பாருங்கள். ஒலித்தால் வேலியில் எங்கோ செம்பு இருக்கிறது, பிளேடால் கீறுங்கள்.

துளைக்கு 12 வோல்ட் கைத்துளைப்பான் போதும். ரெசிஸ்டருக்கும் டிரான்சிஸ்டருக்கும் 0.8 மி.மீ., திருகு இணைப்பிக்கு 1.2 மி.மீ., மூலைத் துளைகளுக்கு 3 மி.மீ. கையில் பிடித்துத் துளையிடுபவர்கள் சாதாரண எஃகு பிட்டையே வாங்குங்கள். கார்பைடு பிட் கூர்மையானது, ஆனால் கை சற்றுச் சாய்ந்தாலும் ஒடிந்துவிடும்.

பற்றவைக்க 25 வாட் சால்டரிங் அயர்னும் உள்ளே பிசின் வைத்த ஈயக் கம்பியும். உயரம் குறைந்த ரெசிஸ்டர்களில் தொடங்கி, டிரான்சிஸ்டர், எல்இடி, இணைப்பிகள் என்று போங்கள். முனையால் செம்பையும் காலையும் ஒன்றாகச் சூடாக்கி, கம்பியை அந்தச் சந்திப்பில் கொடுங்கள். புகையை முகர வேண்டாம், வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். செம்பு கறுக்காமல் இருக்க, பக்கத்தில் காயில் கட்டும் கடையில் காற்றிலேயே காயும் காப்பு வார்னிஷ் இருந்தால் சிறிது கேட்டு வாங்கி அடிப்பக்கத்தில் ஒரு பூச்சு கொடுங்கள். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் அறையின் ஈரத்துக்கு அது நன்றாகத் தாங்குகிறது.

தொட்டிக்குள் போகும் கம்பிகளின் முனைகளுக்குத் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளைப் பயன்படுத்துங்கள். ஒரு பிவிசி குழாயில் நான்கையும் வேறுவேறு உயரத்தில் பொருத்தி இறக்குங்கள். முனைகள் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கட்டும்.

பக்கத்துத் தோட்டத்தாரும் கேட்கத் தொடங்கி இதே பலகை பத்து இருபது வேண்டும் என்று வந்தால், ஒவ்வொன்றுக்கும் இஸ்திரி போட வேண்டியதில்லை. திருப்பூரில் பனியன் மேல் படம் அச்சிடும் அதே திரை அச்சு முறையில், அரிப்பைத் தாங்கும் மையைச் செம்பின் மேல் இழுக்கலாம். நிட்டிங் துணி அச்சிடும் நண்பர் யாராவது இருந்தால் உங்கள் படத்துக்கு ஒரு திரை போட்டுத் தரச் சொல்லுங்கள். 0.8 மி.மீ. வேலி அந்தத் திரையிலும் தெளிவாக விழும்.